வள்ளத்தில் போய்க் கடலை அளப்பது எப்படி? உவரிக் கரையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடல் ஆராய்ச்சி என்றதும் சாகர் நிதி மாதிரி பெரிய கப்பல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கடுத்து ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் சுமார் 4000 ஆர்கோ மிதவைகள் திரிகின்றன. 1000 மீட்டர் ஆழத்தில் கிடந்து, பத்து நாளுக்கு ஒரு தடவை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் எடுத்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். ஆனால் திருநெல்வேலி மாவட்டத்து உவரிக்கோ கூத்தங்குழிக்கோ நேரே இருபது, முப்பது மீட்டர் ஆழத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. கடலின் நிறம் பார்க்கும் செயற்கைக்கோளும் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) மாதங்களில் மேகம் மூடினால் குருடுதான். மேகம் இல்லாத நாளிலும் கரையோரக் கலங்கலைப் பச்சையம் என்று கணக்கு வைத்துவிடும். கரையை ஒட்டிய இந்த நீரை அளக்க வள்ளத்தில் போயே ஆக வேண்டும்.

ஒரு ஃபைபர் வள்ளம், வள்ளம் ஓட்டுபவர் போக மூன்று பேர், வெப்பமும் உப்பும் பதிய, கையால் இறக்கக்கூடிய சிறிய சி.டி.டி., வேண்டிய ஆழத்து நீரைப் பிடிக்க ஒரு நிஸ்கின் பாட்டில், ஒரு வலை, 10, 20, 30 மீட்டர் ஆழத்தில் மூன்று ஸ்டேஷன் (அளவெடுக்கும் இடம்). முதல் தடவைக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒரே நாளில் எட்டு ஸ்டேஷன் திட்டமிட்டவர்கள் ஐந்தாவதில் வாந்தியெடுத்துக்கொண்டு, ஆறாவதில் லேபிள் ஒட்ட மறந்துவிடுவார்கள்.

போகிற நாளை முடிவு செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்கு அது பொருந்தாது. எந்த வகைப் படகைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத் தேதி வையுங்கள். நம் கரையோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. கோயில் திருவிழா நாட்களிலும் வள்ளம் கிடைக்காது. பணம் கூடக் கொடுக்கிறேன் என்று ஆளைத் தேடாதீர்கள். ஒரு தடவை முகம் சுளித்தால் அடுத்த மாதம் அந்த ஊரில் உங்களுக்கு வள்ளம் இல்லை.

முந்தைய நாள் மாலையும் புறப்படும் காலையும் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். காற்று இல்லையே என்று நம்பிவிடக் கூடாது. தென்கோடிக் கடலில் எங்கோ எழுந்த புயலின் நீள்அலை சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறும். இங்கே காற்றே இருக்காது. கள்ளக்கடல் என்பது அதுதான். ஆளுக்கொரு உயிர்காப்பு மேலாடை கட்டாயம். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை எல்லோர் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்; கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அனுமதி விஷயம் ஒன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் பாதுகாப்புப் பகுதி. அந்தப் பக்கம் கருவியோடு போக வேண்டாம். தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளை ஒட்டி மாதிரி எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

கரையிலேயே முடிக்க வேண்டியது

சி.டி.டி. என்பது நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் தொடர்ச்சியாகப் பதியும் கருவி. கடத்துதிறனிலிருந்துதான் உப்புத்தன்மை கணக்கிடப்படுகிறது. புது பேட்டரி போட்டு, கருவியின் கடிகாரத்தை ஜி.பி.எஸ். நேரத்தோடு பொருத்தி, ஒரு வாளித் தண்ணீரில் இறக்கிப் பதிவாகிறதா என்று பாருங்கள். கடிகாரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்பதைப் பதிவுத்தாளின் தலையிலேயே எழுதுங்கள். ஐந்தரை மணி நேரக் குழப்பம் வந்தால் உச்சிவெயிலில் எடுத்த அளவு விடிகாலைக் கணக்கில் போய்விடும்.

இடத்தைக் குறிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. உவரிக்கு வெளியே உங்கள் ஸ்டேஷன் 8.24 டிகிரி வடக்கு, 77.95 டிகிரி கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். இதை ஒருவர் 8 டிகிரி 24 நிமிடம் என்று படித்தால் ஸ்டேஷன் சுமார் 18 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்து, கரையேறி, செம்மணல் தேரிக்காட்டுக்குள் போய் நிற்கும். 77.95 இருப்பதால் இந்த உதாரணத்தில் தப்பிக்கலாம், 95 நிமிடம் என்று ஒன்று கிடையாதே. எண் 60க்குள் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தசம டிகிரி என்றால் கடைசி வரை தசம டிகிரி, நான்கு தசம இடம். ஜி.பி.எஸ். கருவியின் அமைப்பையும் அதற்கே மாற்றி வையுங்கள்.

பதிவுத்தாளைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தாளில் பால்பாயின்ட் ஓடாது, மைப்பேனா கரையும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தேதி, நேரம், இடம், நீராழம், காற்றின் திசை, அலை, மேகம், கருவியின் வரிசை எண், அளவெடுத்தவர், எழுதியவர் எல்லாம் வேண்டும். அளவெடுப்பவரே எழுதக் கூடாது. ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். எஞ்சின் சத்தத்தில் ஏழும் எட்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

இறக்கும் கயிற்றில் மீட்டருக்கு ஒரு குறியும், ஐந்து மீட்டருக்கு வேறு நிறத்தில் ஒரு குறியும் வையுங்கள். நைலான் கயிறு நனைந்து சுமை ஏறினால் நீளும். ஒரு நாள் ஊறவைத்து, எடை தொங்கவிட்டு இழுத்த பிறகு குறி போட்டால்தான் நிற்கும்.

வள்ளத்தில்

தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கும் கல்சுவர்) உள்ள ஊரில் வள்ளம் இறக்குவது எளிது. இல்லாத இடத்தில் அலை உடையும் அலைவாயைத் தாண்டும் வரை எந்தக் கருவியையும் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. பெட்டிகளை அணியத்துப் பக்கமாக, அதாவது முன்பக்கமாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். எஞ்சின் புகையும் எண்ணெய்ப் படலமும் பின்பக்கம்தான் இருக்கும் என்பதால் மாதிரி எடுப்பதும் முன்பாதியிலிருந்தே நடக்கட்டும்.

ஸ்டேஷனை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆழம் பாருங்கள். வள்ளக்காரர் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். ஒரு பாகம் ஆறடி, அதாவது சுமார் 1.8 மீட்டர், பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். அவர் சொன்னதையும் எழுதுங்கள், மீட்டரையும் எழுதுங்கள். அடியில் மணலா, சேறா, பாரா (பாறைத்திட்டா) என்று அவரையே கேளுங்கள். “கீழ பாரு கெடக்கு, நங்கூரம் போட்டா மாட்டிக்கிடும்” என்று அவர் சொன்னால் வள்ளத்தை மிதக்க விட்டே வேலையைச் செய்யுங்கள். தொடங்கிய இடம், முடித்த இடம் இரண்டையும் குறித்தால் போதும். நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் குறியுங்கள். கயிறு வள்ளத்தின் அடியில் போகாமல் இருக்க, நீவாடு வள்ளத்தை விட்டு விலகிப் போகும் பக்கமாகவே இறக்க வேண்டும்.

வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு: தெளிவு, சி.டி.டி., நீர் மாதிரி, கடைசியில் வலை. வலையை முதலில் இழுத்தால் மேல்நீர் கலைந்துவிடும்.

தெளிவு பார்க்க செக்கி தட்டு. 1865-ல் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திய முறை இன்றும் அப்படியே இருக்கிறது. கடலுக்கு 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டு. வள்ளத்தின் நிழல் விழும் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு மெல்லத் தூக்கி, மீண்டும் தெரியும் ஆழத்தையும் பாருங்கள். இரண்டின் சராசரியே அளவு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வெயில் உயர ஏறிய பிறகு, காலை 10 முதல் பிற்பகல் 2 வரை எடுப்பதே சரி. ஆனால் நம் கரையில் காலையில்தான் கடல் அமைதி. கச்சான் காலத்தில் நேரம் ஏற ஏறக் காற்றும் ஏறும். இரண்டுக்கும் சமரசம் என்னவென்றால், தொலைவிலுள்ள 30 மீட்டர் ஸ்டேஷனை விடிந்ததும் முடித்து, கரையை நோக்கி வரும்போது மற்ற இரண்டை எடுப்பது. அப்போது முதல் ஸ்டேஷனின் செக்கி அளவு தாழ்ந்த வெயிலில் எடுத்தது என்று குறிப்பு எழுதிவிடுங்கள். மற்ற இரண்டோடு அதை ஒப்பிடக் கூடாது.

சி.டி.டி.யை இயக்கி, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். உணரிகள் நீரின் வெப்பத்துக்கு வரவும், கடத்துதிறன் குழாயில் சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறவும் இந்த நேரம் வேண்டும். வெயிலில் கிடந்த கருவியை நேராக இறக்கினால் மேல் சில மீட்டர் அளவு முழுக்கப் பொய். பிறகு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தூக்கி, அங்கிருந்து நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சீராக இறக்குங்கள். 30 மீட்டருக்கு ஒரு நிமிடம். அடியைத் தொடாமல் இரண்டு மீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். மண்ணில் குத்தினால் குழாயில் சேறு ஏறும். அலையில் வள்ளம் ஏறி இறங்கும்போது கருவியும் மேலும் கீழும் ஆடும். வள்ளம் ஏறும்போது கயிறு விட்டு, இறங்கும்போது பிடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். கணக்குக்கு எடுப்பது பெரும்பாலும் இறங்கும்போது பதிந்ததைத்தான். ஏறும்போது உணரிகள் கருவியே கலக்கிவிட்ட நீரில் இருக்கும்.

சொறி (ஜெல்லிமீன்) கூட்டமாக வரும் காலத்தில் அதன் விழுது ஒன்று கடத்துதிறன் குழாயில் மாட்டிக்கொள்வது சாதாரணம். அடைபட்ட குழாய் உப்புத்தன்மையைக் குறைத்துக் காட்டும். திரையில் ஒரு ஆழத்துக்குப் பிறகு உப்பு திடீரென்று விழுந்து, விழுந்தது விழுந்தபடியே இருந்தால் புதிய நன்னீர் ஓட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படாமல் கருவியைத் தூக்கிக் கழுவி மறுபடி இறக்குங்கள்.

நீர் மாதிரி

நிஸ்கின் பாட்டில் இரண்டு பக்கமும் திறந்த குழாய். இறக்கும் முன் மேலே காற்றுத் திருகும், கீழே குழாயும் மூடியிருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். வேண்டிய ஆழத்தில் ஓரிரு நிமிடம் நிறுத்தி, பாட்டில் அந்த ஆழத்து நீரால் அலசப்பட்ட பிறகு, மூடிகளைத் தட்டி மூடவைக்கும் தூதுக்குண்டைக் கயிற்றில் விடுங்கள். குண்டு போய்த் தட்டுவது விரலில் தெரியும். தட்டல் தெரியாமல் மேலே இழுக்காதீர்கள்.

இங்கே கயிற்றின் சாய்வு முக்கியம். 30 மீட்டர் கயிறு விட்டும் அது செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் பாட்டில் இருப்பது 26 மீட்டரில்தான். சி.டி.டி.க்கு அழுத்த உணரி இருப்பதால் அது தன் ஆழத்தைத் தானே சொல்லிவிடும். பாட்டிலுக்கு அது தெரியாது. ஐந்து கிலோ ஈயக்குண்டு கட்டினால் சாய்வு குறையும். மிச்சச் சாய்வைக் கோணமானியில் பார்த்து எழுதுங்கள்.

மேலே வந்ததும் காற்றுத் திருகைத் திறக்காமல் கீழ்க்குழாயை மட்டும் திறந்து பாருங்கள். நீர் சொட்டி நின்றுவிட்டால் பாட்டில் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, வரும் வழியில் வேறு ஆழத்து நீரும் உள்ளே வந்திருக்கும். கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

பிரித்தெடுக்கும்போது ஆக்சிஜன் முதலில். பாட்டிலுக்குள் காற்று புகுந்த நொடியிலிருந்து அந்த எண் மாறத் தொடங்குகிறது. ரப்பர் குழாயைக் கண்ணாடிப் பாட்டிலின் அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மூன்று மடங்கு வழிய விடுங்கள். 125 மில்லி பாட்டில் என்றால் மாங்கனீஸ் கரைசல் 1 மில்லி, அடுத்து கார அயோடைடு 1 மில்லி, பிப்பெட் நுனி நீருக்குள் மூழ்கியிருக்க விடுங்கள். குமிழி சிக்காமல் மூடி, இருபது தடவை தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டுங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஏறக்குறைய இல்லை. வீழ்படிவு பாதிவரை இறங்கியதும் இன்னொரு முறை ஆட்டி, இருட்டில், கழுத்து வரை நீரில் மூழ்க வையுங்கள். அமிலமும் டைட்ரேஷனும் கரைக்கு வந்த பிறகு. வின்க்ளர் 1888-ல் சொன்ன இந்த முறையை வைத்துத்தான் இன்றைக்கும் ஆக்சிஜன் உணரிகளைச் சரிபார்க்கிறார்கள். 28 டிகிரியில், உப்புத்தன்மை 35 உள்ள மேல்நீரில் லிட்டருக்கு ஆறு, ஆறரை மில்லிகிராம் அளவில் இருந்தால் இயல்பு. ஒன்பது வந்தால் ஒன்று நீரில் பாசி மண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டிலில் குமிழி.

அடுத்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் பார்க்கும் மாதிரி. பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று தடவை அலசி, முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். உறையும்போது நீர் விரியும், நிறைத்த பாட்டில் வெடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் சிலிக்கேட் கண்ணாடியிலிருந்தே இறங்கும். இந்த மாதிரிகளை மீன் ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது. ஊரில் ஐஸ் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மீன் கிடந்த ஐஸில் அம்மோனியா இருக்கும்; மூடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், மாதிரி கெட்டது. பீடி, சிகரெட் புகைக்கும் இதே பேச்சுதான். மாதிரி எடுக்கும் பத்து நிமிடம் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பச்சையத்துக்கு ஒரு லிட்டர். கறுப்புப் பாட்டிலில், தனி ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்கு வந்ததும் அந்த ஊரிலேயே வடிகட்டிவிடுங்கள். திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் உள்ளே இருக்கும் சிற்றுயிரிகள் பாசியைத் தின்று முடித்துவிடும். 0.7 மைக்ரான் கண்ணாடிநார் வடிதாள், குறைந்த உறிஞ்சல், மங்கல் வெளிச்சம். தாளை மடித்து அலுமினியத் தாளில் சுற்றி உறைய வையுங்கள். ஆடிக் காற்றில் தேரிமணல் பறக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வடிகட்டுங்கள், இல்லையென்றால் தாள் செவ்வண்ணம் பூசிக்கொள்ளும்.

உப்புத்தன்மை மாதிரி கடைசியில். இது சி.டி.டி.யைச் சரிபார்க்க மட்டுமே. அதனால் அளவு ஆழத்தோடு மாறாத, நன்றாகக் கலந்த அடுக்கிலிருந்து எடுங்கள். வேகமாக மாறும் இடத்தில் எடுத்தால் அரை மீட்டர் ஆழப் பிசகே கருவிப் பிசகாகத் தெரியும்.

வலை

விலங்கு மிதவை உயிரிகளுக்கு 200 மைக்ரான் கண் உள்ள வலை, வாய் விட்டம் 50 சென்டிமீட்டர். வாயில் ஓட்டமானி (எவ்வளவு நீர் புகுந்தது என்று எண்ணும் கருவி) கட்டி, முன்னும் பின்னும் எண்ணைக் குறியுங்கள். 1 நாட் (மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் 10 நிமிடம் இழுத்தால் சுமார் 309 மீட்டர் தூரம், வாய்ப்பரப்பு 0.196 சதுர மீட்டர். பெருக்கினால் சுமார் 61 கனமீட்டர் நீர் வடிந்திருக்கிறது. ஓட்டமானி இதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் வலைக்கண் அடைத்திருக்கிறது. நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். வலையை வெளிப்பக்கமிருந்து கடல்நீர் ஊற்றி, எல்லாவற்றையும் அடிக்குடுவைக்கு இறக்குங்கள். உள்ளே ஊற்றினால் வெளியிலிருந்து வரும் உயிரியும் கணக்கில் சேரும். ஒன்பது பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு ஃபார்மலின், அமிலம் முறிய வெண்காரம். ஃபார்மலினைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையுறையோடு ஊற்ற வேண்டும். லேபிளைப் பென்சிலால் எழுதி குடுவைக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும்.

கரைக்கு வந்த பின்

கருவிகளை நன்னீரில் கழுவுங்கள் என்று எல்லாக் கையேடும் சொல்லும். நம் கரையோர ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. சி.டி.டி.யின் கடத்துதிறன் குழாய்க்கு வாலை வடிநீரோ, கேன் தண்ணீரோ கையோடு கொண்டுபோங்கள். உப்பு உள்ளே காய்ந்து படிந்தால் அடுத்த மாத அளவு எல்லாம் நகர்ந்திருக்கும்.

அன்றைக்கே கருவியிலிருந்து கோப்பை இறக்கி, மூலக்கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். திருத்தங்கள் எல்லாம் நகலில். ஆழத்தைக் கீழ்நோக்கி வரைந்து வெப்பநிலை, உப்புத்தன்மைக் கோடுகளைப் பாருங்கள். தனியாக ஒரு புள்ளி மட்டும் குத்தி நின்றால் அது பெரும்பாலும் கருவியின் வேலை: வெப்ப உணரியும் கடத்துதிறன் உணரியும் வேறுவேறு வேகத்தில் பதிலளிப்பதால் வெப்பம் சட்டென்று மாறும் ஆழத்தில் உப்பில் பொய்க்குத்து எழும். கனமான நீர் லேசான நீருக்கு மேலே நிற்பதுபோல அடர்த்திக் கோடு காட்டினாலும் சந்தேகப்படுங்கள். சந்தேகமான எண்ணை அழிக்க வேண்டாம், பக்கத்தில் தரக்குறி இடுங்கள். ஆர்கோ வழக்கில் 1 நல்லது, 2 பெரும்பாலும் நல்லது, 3 பெரும்பாலும் தவறு, 4 தவறு, 9 இல்லாதது. இல்லாத அளவுக்கு 0 என்று எழுதுவது பெருங்குற்றம். நைட்ரேட் உண்மையிலேயே பூச்சியத்தை ஒட்டி இருக்கும் நீர் உண்டு.

இந்த எண்கள் எங்கே போகும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்முனையை ஒட்டி அடிநீர் மேலேறி, ஏப்ரலில் 30 டிகிரியைத் தொட்ட மேல்நீர் சில டிகிரி குளிர்கிறது. அந்தக் குளிர்நீர் உங்கள் ஸ்டேஷன் வரை வந்ததா, எந்த வாரம் வந்தது என்பதை மாதாமாதம் ஒரே இடத்தில் எடுத்த அளவு காட்டும். வாடைக் காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி இந்தப் பக்கம் வருவதையும் உப்புத்தன்மைக் கோட்டில் தேடலாம். இன்காய்ஸ் தரும் மீன்பிடி வாய்ப்புள்ள பகுதி அறிவிப்பு செயற்கைக்கோளின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் வைத்துக் கணிக்கப்படுவது. அந்தப் பச்சையம் கரையோரத்தில் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்க்க நீரில் இறங்கி எடுத்த அளவுதான் உரைகல். இந்தியாவின் தேசியக் கடல்சார் தரவு மையமும் இன்காய்ஸ்தான். அங்கே அனுப்பும் கோப்பின் தலைப்பகுதியில் இடம், நேரம், எந்த நேரக் கணக்கு, கருவி, கடைசியாக அளவுதிருத்தம் செய்த தேதி, அலகு, தரக்குறியின் பொருள் இவ்வளவும் இருக்க வேண்டும். உங்களைத் தெரியாத ஒருவர், போன் போட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தக் கோப்பைப் பயன்படுத்த முடிகிறதா என்று வகுப்பில் வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த மாதப் பதிவுத்தாளில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.